ஏஐ எழுதிய பதிவு, நமக்கு வரும் பாராட்டு: இதில் நேர்மையின் கணக்கு என்ன?

லிங்க்ட்இன்னைத் திறக்கிறீர்கள். "மூன்று வருடங்களுக்கு முன் என் முதல் வேலையை இழந்தேன். அது கற்றுத்தந்த ஐந்து பாடங்கள்" என்று ஒரு பதிவு. வரிக்கு வரி இடைவெளி, நடுவில் ஒரு ராக்கெட் எமோஜி, கடைசியில் "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று ஒரு கேள்வி. நூற்றுக்கணக்கில் லைக். கீழே தள்ளினால் வேறொருவரின் பதிவு, அச்சு அசல் அதே வார்ப்பு.

"இது ஏஐ எழுதினதுதானே?" என்று மனசு சொல்கிறது. அடுத்த நொடியே இன்னொரு நெருடல். போன வாரம் நாமும் ஒரு பத்தியை சாட்ஜிபிடியிடம் கொடுத்து, "கொஞ்சம் நல்ல இங்கிலீஷ்ல மாத்திக் கொடு" என்று கேட்டோமே, அது மட்டும் என்ன?

இந்த இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே? அந்தப் பதிவால் லைக், பணம், வேலை வாய்ப்பு என எது வந்தாலும் அது யாருக்குச் சேர வேண்டும்? உண்மையைச் சொன்னால் லாபமா, நஷ்டமா? தளங்களின் விதிகள், இந்தியச் சட்டம், ஆய்வுகள் ஆகியவற்றை வைத்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பிரச்னை எப்போது வெடித்தது?

சாட்ஜிபிடி வெளியானது 2022 நவம்பர் 30. அடுத்த ஒரு வாரத்துக்குள், உலகம் முழுக்க மென்பொருள் பொறியாளர்கள் சந்தேகம் கேட்கும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் அதன் பதில்களுக்குத் தடை போட்டது. சொன்ன காரணம் எளிமையானது: பதில்கள் பார்க்கச் சரியானவை போலவே இருக்கின்றன, ஆனால் நிறைய தவறு, அவற்றை உருவாக்க ஆகும் நேரமோ மிகக் குறைவு.

அங்கே பணம் கிடையாது. 'ரெப்யூட்டேஷன்' என்ற புள்ளிகள்தான். ஒரு பதிலுக்கு ஒருவர் ஆதரவு வாக்கு போட்டால் 10 புள்ளி, கேட்டவர் அதையே சரியான பதிலாக ஏற்றால் 15 புள்ளி. இந்தப் புள்ளிகளை ரெஸ்யூமேவில் போட்டுக்கொள்ளும் வழக்கம் நம்ம ஊர் ஐடி துறையில் பலருக்கும் தெரியும். புள்ளி என்றால் மதிப்பு, மதிப்பு என்றால் வேலை. அதனால்தான் எந்திரத்தின் பதிலை ஒட்டிப் புள்ளி சேர்க்க ஆட்கள் ஓடிவந்தார்கள்.

பணம் கொடுத்த இடத்தில் நிலைமை இன்னும் மோசம். கிளார்க்ஸ்வேர்ல்ட் என்பது அறிவியல் புனைகதைகளை வெளியிடும் அமெரிக்க மாத இதழ். அப்போது ஒரு சொல்லுக்கு 12 சென்ட் கொடுத்துவந்தது. யார் வேண்டுமானாலும் கதை அனுப்பலாம். 2023 பிப்ரவரியில் எந்திரம் எழுதிய கதைகள் நூற்றுக்கணக்கில் வந்து குவிந்தன. பிப்ரவரி 20-ம் தேதி, கதைகள் வாங்குவதையே இதழ் தற்காலிகமாக நிறுத்தியது. ஆசிரியர் நீல் கிளார்க் சொன்ன ஒரு விஷயம் முக்கியமானது. வந்தவர்களில் பலர் எழுத்தாளர் ஆக ஆசைப்பட்டவர்கள் இல்லை. "ஏஐ வைத்துச் சுலபமாகச் சம்பாதிக்கலாம்" என்று சொல்லும் வீடியோக்களைப் பார்த்து வந்தவர்கள்.

கதவு மூடியதில் யாருக்கு நஷ்டம்? மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒரு கதையை முடித்து, முதல்முறையாக அனுப்பக் காத்திருந்த புது எழுத்தாளருக்கு. ஏஐ வைத்து அனுப்பியவருக்கு ஒன்றும் போகவில்லை, அவர் அடுத்த இதழைத் தேடிப் போய்விடுவார்.

அதே ஆண்டு செப்டம்பரில், அமேசானின் கிண்டில் சுயபதிப்பு சேவை ஒருவர் ஒரு நாளைக்குப் புதிதாக 3 புத்தகங்களுக்கு மேல் ஏற்ற முடியாது என்று வரம்பு வைத்தது. ஒரு மனிதர் நாளுக்கு மூன்று புத்தகம் என்பதே ஒரு 'கட்டுப்பாடு' ஆகிவிட்டது என்றால், அதற்கு முன் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

"நான் எழுதினா என்ன, ஏஐ எழுதினா என்ன, யாருக்கு நஷ்டம்?"

அடிக்கடி கேட்கும் வாதம் இது. பதில் கணக்கில் இருக்கிறது.

பெரும்பாலான தளங்களில் எழுத்தாளர்களுக்குக் கொடுக்கும் பணம் ஒரு பொதுப் பானையில் இருந்து வருகிறது. மீடியம் தளத்தில் அது வாசகர்களின் சந்தா. எக்ஸ் தளம் 2023-ல் விளம்பர வருவாயைப் பகிரத் தொடங்கியது; பிறகு பிரீமியம் பயனர்களின் ஈடுபாட்டை அளவுகோலாக மாற்றியது. பானைக்குள் இருப்பது அளவான சோறு. ஒருவர் இரண்டு கரண்டி கூடுதலாக எடுத்தால் இன்னொருவரின் தட்டில் குறையும்.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஒரு தளம் மாதம் 1,00,000 ரூபாயைப் பகிர்கிறது. 100 பேர் எழுதுகிறார்கள். ஒவ்வொருவரும் மாதம் 4 பதிவு, பதிவுக்கு 5 மணி நேர உழைப்பு. மொத்தம் 400 பதிவுகள். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு வாசிப்பு என்று வைத்தால் பதிவுக்கு 250 ரூபாய், ஆளுக்கு 1,000 ரூபாய்.

இப்போது அதில் 10 பேர் மட்டும் ஏஐ-யிடம் எழுதச் சொல்லி, மாதம் 40 பதிவு போட ஆரம்பிக்கிறார்கள். மற்ற 90 பேரும் பழையபடியே எழுதுகிறார்கள். மொத்தப் பதிவுகள் 760 ஆகின்றன. பதிவுக்குக் கிடைப்பது சுமார் 132 ரூபாய். சொந்தமாக எழுதுகிறவரின் வருமானம் 1,000-ல் இருந்து 526 ரூபாய்க்கு இறங்குகிறது. ஏஐ ஆளுக்கு 5,263 ரூபாய்.

"ஏஐ பதிவை அவ்வளவு பேர் படிக்க மாட்டாங்க" என்று நீங்கள் சொல்லலாம். சரி, அந்தப் பதிவுகளுக்குக் கால்வாசி வாசிப்புதான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் சொந்தமாக எழுதுகிறவருக்கு 870 ரூபாய்தான். ஏஐ ஆளுக்கு 2,174 ரூபாய். நேரக் கணக்குப் பார்த்தால் இன்னும் உறைக்கும். முதலாமவருக்கு 20 மணி நேர உழைப்புக்கு மணிக்குச் சுமார் 43 ரூபாய். பதிவுக்கு 10 நிமிடம் செலவிடும் இரண்டாமவருக்கு மணிக்குச் சுமார் 326 ரூபாய்.

எண்கள் கற்பனை, ஆனால் வழிமுறை கற்பனை இல்லை. பதிவின் தரம் கால்வாசியாக இருந்தாலும், எண்ணிக்கை பத்து மடங்கானால் பானை காலியாகிறது. 90 பேரும் எந்தத் தப்பும் செய்யவில்லை, உழைப்பையும் குறைக்கவில்லை. வருமானம் மட்டும் குறைந்துவிட்டது. "யாருக்கு நஷ்டம்?" என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

லிங்க்ட்இன்னில் பணம் இல்லையே என்று தோன்றலாம். அங்கேயும் பானை உண்டு, பெயர்தான் வேறு: கவனம். ரெக்ரூட்டர் ஒரு நாளில் பார்க்கப்போகும் பதிவுகளுக்கு ஓர் எல்லை இருக்கிறது.

தளங்கள் என்ன விதி வைத்திருக்கின்றன?

ஒவ்வொரு தளமும் கோட்டை ஒவ்வோர் இடத்தில் போட்டிருக்கிறது.

மீடியம்: 2024 மே 1 முதல், ஏஐ எழுதிய பதிவுகளைக் கட்டணச் சுவருக்குப் பின்னால் வைத்துச் சம்பாதிக்க முடியாது. ஏஐ பயன்படுத்தினேன் என்று சொல்லிவிட்டாலும் முடியாது. எழுத்துப்பிழை, இலக்கணம் சரிபார்க்கப் பயன்படுத்துவதில் சிக்கல் இல்லை.

அமேசான் கிண்டில்: 'ஏஐ உருவாக்கியது', 'ஏஐ உதவியது' என்று இரண்டாகப் பிரிக்கிறது. எந்திரம் முதலில் எழுதி, நீங்கள் பிறகு எவ்வளவு திருத்தினாலும் அது 'உருவாக்கியது'தான். நீங்கள் எழுதி, எந்திரம் மெருகேற்றினால் 'உதவியது'. முதல் வகையை அமேசானிடம் அறிவிக்க வேண்டும், இரண்டாவதற்குத் தேவையில்லை. இதில் நமக்கு முக்கியமான ஒரு வரி இருக்கிறது: ஏஐ செய்த மொழிபெயர்ப்பும் 'உருவாக்கியது' கணக்கில்தான் வரும். தமிழில் எழுதிய நாவலை எந்திரத்திடம் கொடுத்து ஆங்கிலமாக்கி ஏற்றினாலும் சொல்லியாக வேண்டும். ஆனால், சொல்வது அமேசானிடம் மட்டும்தான். காசு கொடுத்து வாங்கும் வாசகருக்கு அது தெரியவேண்டிய கட்டாயம் இல்லை.

யூடியூப்: நிஜம் போலத் தோன்றும் செயற்கைக் காட்சிகளை 2024 மார்ச் முதல் அறிவிக்கச் சொல்கிறது. ஸ்கிரிப்ட் எழுத ஏஐ உதவினால் சொல்லத் தேவையில்லை. அதே நேரம், ஒரே அச்சில் மொத்தமாகத் தயாரிக்கும் வீடியோக்களுக்குப் பணம் கிடையாது என்ற பழைய விதியை 2025 ஜூலை 15 முதல் 'நம்பகமற்ற உள்ளடக்கம்' என்ற பெயரில் இன்னும் தெளிவாக்கியிருக்கிறது.

கூகுள் தேடல்: யார் எழுதினார்கள் என்பதைவிட, படிப்பவருக்குப் பயன் உண்டா என்பதே அளவுகோல் என்று 2023 பிப்ரவரியில் சொன்னது. 2024 மார்ச்சில், தேடலில் மேலே வருவதற்காக மட்டும் மொத்தமாகத் தயாரிக்கும் பக்கங்களை ஸ்பேம் என்று அறிவித்தது. அந்தப் பக்கங்களை மனிதர் எழுதினாரா, எந்திரமா என்பது பொருட்டில்லை.

இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். தளங்கள் பெரும்பாலும் ஏஐ-யைத் தடை செய்யவில்லை. எதற்குக் கூலி தருகிறோம் என்பதைத்தான் வரையறுக்கின்றன. மீடியம் மனித எழுத்துக்குக் கூலி தருகிறது. கூகுள் பயனுக்கு இடம் தருகிறது. அமேசான் விற்பனைக்குத் தருகிறது. எனவே ஒரு தளத்தில் நியாயமானது இன்னொன்றில் ஏமாற்று ஆகலாம்.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய அரசு தகவல் தொழில்நுட்ப விதிகளில் செய்த திருத்தம் 2026 பிப்ரவரி 20 முதல் அமலில் இருக்கிறது. செயற்கையாக உருவாக்கிய உள்ளடக்கத்துக்குத் தெளிவான லேபிள் வேண்டும் என்கிறது அது. 50 லட்சத்துக்கு மேல் பயனர்கள் உள்ள பெரிய தளங்கள், "இது செயற்கையாக உருவாக்கியதா?" என்று பதிவேற்றுபவரிடம் கேட்க வேண்டும். ஆனால், அதன் வரையறை ஒலி, காட்சி, ஒலி-காட்சி வடிவங்களைச் சுற்றியே அமைந்திருக்கிறது. டீப்ஃபேக்தான் அதன் முதல் இலக்கு. வெறும் எழுத்தாக இருக்கும் ஒரு லிங்க்ட்இன் பதிவுக்கு லேபிள் ஒட்டும் கட்டாயம் அதில் இல்லை.

அப்போ எழுத்துக்குச் சட்டமே இல்லையா? இருக்கிறது, வேறு வாசல் வழியாக.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2022 ஜூனில் வந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்கள், ஒரு பொருளைப் பரிந்துரைப்பவரின் கருத்து உண்மையானதாகவும், போதிய தகவல் அல்லது அனுபவத்தின் அடிப்படையிலும் இருக்க வேண்டும் என்கின்றன. காசோ, இலவசப் பொருளோ வாங்கியிருந்தால் அதைச் சொல்லவும் வேண்டும். மீறினால் முதல்முறை 10 லட்சம் ரூபாய் வரை, தொடர்ந்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

இங்கே சட்டம் கேட்பது "யார் டைப் செய்தது?" என்று இல்லை. "நீ அதைப் பயன்படுத்திப் பார்த்தாயா?" என்பதுதான். நீங்கள் ஒரு மாதம் பயன்படுத்திய ஹெட்போனைப் பற்றிக் குறிப்புகள் கொடுத்து, ஏஐ அதைப் பத்தியாக்கினால் பெரிய சிக்கல் இல்லை. தொட்டே பார்க்காத ஹெட்போனுக்கு "ஒரு மாதமாகப் பயன்படுத்துகிறேன், பேட்டரி சூப்பர்" என்று உங்கள் கையாலேயே எழுதினாலும் அது தவறு. அமெரிக்காவின் வர்த்தக ஆணையமும் 2024 அக்டோபரில் அமலுக்கு வந்த விதியில், ஏஐ எழுதிய போலி விமர்சனங்களை வெளிப்படையாகவே தடை செய்திருக்கிறது.

காப்புரிமை? இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் 1994-ல் சேர்த்த ஒரு பிரிவு, கணினி உருவாக்கிய படைப்புக்கு, அது உருவாகக் காரணமாக இருந்த நபரே ஆசிரியர் என்கிறது. சாட்ஜிபிடி எல்லாம் யாரும் கனவிலும் நினைக்காத காலத்தில் எழுதிய வரி அது. அமெரிக்கக் காப்புரிமை அலுவலகமோ 2025 ஜனவரி அறிக்கையில், வெறும் பிராம்ப்ட் கொடுப்பது மட்டும் ஒருவரை ஆசிரியர் ஆக்கிவிடாது என்றது. வெளிநாட்டு கிளையன்ட்டுக்கு எழுதும் ஃப்ரீலான்சர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். "எல்லா உரிமையும் உங்களுக்கே" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும்போது, கொடுக்க நம்மிடம் உரிமை இருக்கிறதா என்பதே அங்கே கேள்விக்குறி ஆகலாம்.

சாஃப்ட்வேர் வைத்துக் கண்டுபிடித்துவிட முடியாதா?

முடியும் என்று சொல்லும் நிறுவனங்கள் நிறைய. எண்களைப் பார்த்தால் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கண்டறியும் கருவியை வெளியிட்டது. அவர்களே சொன்ன கணக்குப்படி, ஏஐ எழுதியவற்றில் 26 சதவீதத்தைத்தான் அது சரியாகப் பிடித்தது. மனிதர் எழுதியவற்றில் 9 சதவீதத்தை ஏஐ என்று தவறாகச் சொன்னது. துல்லியம் போதவில்லை என்று ஆறே மாதத்தில், ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

9 சதவீதம் சின்ன எண்ணாகத் தெரியும். ஆயிரம் பதிவுகளில் 300 ஏஐ எழுதியது, 700 மனிதர் எழுதியது என்று வைத்துக்கொள்வோம். கருவி பிடிக்கும் ஏஐ பதிவுகள் 78. தவறாக மாட்டும் மனிதப் பதிவுகள் 63. ஆக, குற்றம் சாட்டப்பட்ட 141 பேரில் 63 பேர், அதாவது கிட்டத்தட்ட 45 சதவீதம், அப்பாவிகள். உண்மையில் ஏஐ பயன்படுத்திய 222 பேர் ஜாலியாகத் தப்பிவிடுவார்கள். இன்றைய கருவிகள் இதைவிட முன்னேறியிருக்கலாம். ஆனால் ஒரு கருவி எத்தனை சதவீதம் 'துல்லியம்' என்று விளம்பரம் செய்தாலும், நாம் முதலில் கேட்கவேண்டியது அப்பாவிகள் எத்தனை பேர் மாட்டுகிறார்கள் என்பதைத்தான்.

அந்த அப்பாவிகள் யார்? இங்கேதான் விஷயம் நமக்கு நெருக்கமாகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டிராதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளிடம் கொடுத்தார்கள். சராசரியாக 61 சதவீதத்தை ஏஐ எழுதியது என்று கருவிகள் சொல்லின. 91-ல் 89 கட்டுரைகளை ஏதாவது ஒரு கருவியாவது சந்தேகப்பட்டது. அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளையோ அவை கிட்டத்தட்ட சரியாகவே இனம் கண்டன.

காரணம் இதுதான். கற்றுக்கொண்ட மொழியில் எழுதும்போது நாம் பாதுகாப்பான, பழகிய சொற்களையே எடுக்கிறோம். கருவிகளுக்கு அந்த எளிமையே சந்தேகம். இதில் ஒரு கொடுமையும் உண்டு. அதே டோஃபல் கட்டுரைகளை சாட்ஜிபிடியிடம் கொடுத்துச் சொல்வளத்தைக் கூட்டச் சொன்னபோது, தவறாகச் சந்தேகிக்கும் விகிதம் சுமார் 12 சதவீதமாகக் குறைந்தது. அதாவது, சொந்தமாக எழுதினால் மாட்டுவீர்கள். ஏஐ-யிடம் கொடுத்தால் தப்புவீர்கள்.

கருவி மட்டும் இல்லை, மனிதர்களும் இதே தவறைச் செய்கிறார்கள். 2024 ஏப்ரலில், ஒய் காம்பினேட்டர் நிறுவனர்களில் ஒருவரான பால் கிரஹாம், தனக்கு வந்த ஒரு மின்னஞ்சலில் 'டெல்வ்' என்ற சொல் இருந்ததை வைத்து அது சாட்ஜிபிடி எழுதியது என்பதுபோலப் பதிவிட்டார். "அது எங்கள் ஊரில் சாதாரணமாகப் புழங்கும் சொல்" என்று நைஜீரியர்கள் திருப்பிக் கேட்டார்கள். 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' என்று எழுதிப் பழகிய நமக்கு அந்தக் கோபம் புரியும்.

உண்மையைச் சொன்னால் தண்டனையா?

நேர்மையாக இருப்பதுதான் தீர்வு என்றால், அதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. ஆலிவர் ஷில்கே, மார்ட்டின் ரைமன் என்ற இரு ஆய்வாளர்கள் 2025-ல் 13 பரிசோதனைகளின் முடிவுகளை வெளியிட்டார்கள். "ஏஐ பயன்படுத்தினேன்" என்று வெளிப்படையாகச் சொன்னவர்கள் மீதான நம்பிக்கை குறைந்தது. சொல்லாதவர்களுக்கு அந்த இழப்பு இல்லை. ஆனால் சொல்லாமல் இருந்து, பிறகு மற்றவர்கள் மூலம் தெரியவந்தால் நம்பிக்கை அதைவிட அதிகமாகச் சரிந்தது.

ஆக, இன்று இருக்கும் ஏற்பாடு மூன்று பேரை மூன்று விதமாக நடத்துகிறது. சொல்பவருக்குச் சின்ன அபராதம். மறைத்து மாட்டுபவருக்குப் பெரிய அபராதம். மறைத்து மாட்டாதவருக்கு முழுக் கூலி. கருவிகளால் சரியாகப் பிடிக்க முடியாத ஒரு சூழலில், "மாட்ட மாட்டேன்" என்று கணக்குப் போடுபவர்களே அதிகமாவார்கள். நேர்மையை வெறும் தனிமனித ஒழுக்கமாக மட்டும் பார்த்தால் இந்த முடிச்சு அவிழாது. சொல்பவரைத் தண்டிக்காத விதிகளைத் தளங்களும் நிறுவனங்களும் உருவாக்க வேண்டும்.

"தலைவர்களுக்கு வேற ஆள் எழுதிக் கொடுக்கலயா?"

நியாயமான கேள்வி. அரசியல் மேடைப் பேச்சுகளையும் பெரிய நிறுவனத் தலைவர்களின் பதிவுகளையும் வேறு யாரோ எழுதுவது ஊரறிந்த ரகசியம். அப்படியிருக்க, காசு கொடுத்து ஆள் வைக்க முடியாத ஒரு இருபத்தைந்து வயது இளைஞர், ஏஐ-யை வைத்து எழுதினால் மட்டும் ஏன் தப்பு?

இதில் பாதி உண்மை இருக்கிறது. ஆங்கில மீடியம் படிக்காத ஒரு நல்ல இன்ஜினியருக்கு ஏஐ ஒரு சமன் செய்யும் கருவி. கோயம்புத்தூரில் ஒரு மோட்டார் கம்பெனியில் பத்து வருடம் வேலை பார்த்தவரின் தலைக்குள் இருப்பது சொந்தச் சரக்கு. அதை ஆங்கிலத்தில் கோர்வையாகச் சொல்ல முடியாததால் இத்தனை நாள் அவர் பேசாமல் இருந்தார். இப்போது பேசுகிறார். இதை ஏமாற்று என்று சொல்வது அநியாயம்.

ஆனால் மற்ற பாதியையும் பார்க்க வேண்டும். பேச்சை எழுதிக் கொடுத்தவருக்குச் சம்பளம் போகிறது. தலைவர் சொல்லாத அனுபவத்தை அவர் கற்பனை செய்து சேர்த்தால், மாட்டுவது தலைவர்தான் என்று இருவருக்கும் தெரியும். ஏஐ-யிடம் "ஒரு தோல்விக் கதை எழுது" என்றால், நடக்காத தோல்வியையும் கூசாமல் எழுதிக் கொடுக்கும். வேலையை இழந்ததாகச் சொன்ன அந்தப் பதிவுக்கு வந்த அனுதாபம், நிஜமாகவே வேலையை இழந்து தயங்கித் தயங்கி எழுதிய ஒருவருக்குப் போயிருக்க வேண்டியது.

லிங்க்ட்இன் தலைமைச் செயல் அதிகாரி ரயன் ரோஸ்லான்ஸ்கியே 2025 ஜூனில், பதிவு எழுத உதவும் ஏஐ வசதி தாங்கள் எதிர்பார்த்த அளவுக்கு வரவேற்பு பெறவில்லை என்றார். அது உங்களின் ஆன்லைன் ரெஸ்யூமே என்பதால் மக்கள் தயங்குகிறார்கள் என்பது அவர் விளக்கம். நம்ம ஆட்களுக்கும் அந்தத் தயக்கம் இருக்கிறது. அது நல்லதுதான்.

அப்போ கோட்டை எங்கே போடுவது?

மேலே பார்த்த விதிகளையும் சட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால், 'போஸ்ட்' பட்டனை அழுத்தும் முன் மூன்று கேள்விகள் போதும்.

ஒன்று, இந்தப் பதிவுக்கு வாசகர் எதற்காக மதிப்புத் தருகிறார்? அனுபவத்துக்கு என்றால், அனுபவம் உங்களுடையதாக இருக்க வேண்டும். தகவலுக்கு என்றால், ஒவ்வோர் எண்ணையும் நீங்கள் சரிபார்த்திருக்க வேண்டும். எழுத்து நடைக்கே என்றால், அதாவது கதை, கவிதை, கட்டணக் கட்டுரை என்றால், எழுத்தே உங்களுடையதாக இருக்க வேண்டும். இலக்கணம் திருத்துவது இந்த மூன்றையும் தொடாது. முழுப் பதிவையும் எழுதவைப்பது மூன்றையும் தொடும்.

இரண்டு, யாராவது நேரில் கேட்டால் பத்து நிமிடம் இதைப் பற்றிப் பேச முடியுமா? நேர்காணலில் உங்கள் பதிவைத் திறந்து வைத்துக்கொண்டு, "இந்த மூணாவது பாயின்ட் கொஞ்சம் விளக்குங்க" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? முழிப்பீர்கள் என்றால் அந்தப் பதிவு உங்களுடையது இல்லை.

மூன்று, எப்படி எழுதினேன் என்பது தெரிந்தால் கூலி கொடுத்தவர் கோபப்படுவாரா? ஆம் என்றால், அதை முன்னாடியே சொல்லியிருக்க வேண்டும். "குறிப்புகளும் அனுபவமும் என்னுடையவை, மொழித்திருத்தம் ஏஐ உதவியுடன்" என்று ஒரு வரி போதும். 'ஏஐ பயன்படுத்தினேன்' என்ற மொட்டை வாக்கியத்தைவிட, எதை நீங்கள் செய்தீர்கள், எதை எந்திரம் செய்தது என்று பிரித்துச் சொல்வது வாசகருக்கும் பயன், உங்களுக்கும் பாதுகாப்பு.

ஃப்ரீலான்சர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். சொல்லுக்கு இவ்வளவு என்ற கூலி முறை ஏஐ காலத்தில் உங்களுக்குத்தான் எதிரி, ஏனென்றால் சொல் மலிவாகிவிட்டது. ஒரு வேலைக்கு இவ்வளவு, அதில் பேட்டி எடுப்பது, தகவல் சரிபார்ப்பது, தவறு வந்தால் பொறுப்பேற்பது எல்லாம் அடக்கம் என்று பேசுங்கள். ஏஐ எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்பதை ஆர்டர் எடுக்கும்போதே மெயிலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே டிராஃப்ட்களையும் திருத்த வரலாற்றையும் சேமித்து வையுங்கள். கருவி உங்களைத் தவறாகக் குற்றம் சாட்டும் நாளில் அதுதான் சாட்சி.

எந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்தவர்களின் கூலி?

நியாயமான கூலி என்று பேசும்போது ஒரு தரப்பை மறந்துவிடக் கூடாது. ஏஐ எழுதும் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும், ஏற்கெனவே யாரோ இணையத்தில் எழுதிய வரிகள் இருக்கின்றன. ஏஐ பதில்களைத் தடை செய்த அதே ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, 2024 மே மாதம் தன் பயனர்களின் பதில்களை வழங்க ஓபன்ஏஐ-யுடன் ஒப்பந்தம் போட்டது. எதிர்த்துத் தங்கள் பதில்களை அழிக்க முயன்ற சிலரின் கணக்குகள் முடக்கப்பட்டன. பல வருடம் இலவசமாகப் பதில் சொன்னவர்களுக்குக் கிடைத்தது புள்ளிகள் மட்டும்தான்.

அமெரிக்காவில், திருட்டுத் தளங்களில் இருந்து புத்தகங்களை எடுத்ததற்காக ஆந்த்ரோபிக் நிறுவனம் 2025 செப்டம்பரில் 150 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. ஒரு புத்தகத்துக்குச் சுமார் 3,000 டாலர். இந்தியாவில், மத்திய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை 2025 டிசம்பரில் ஒரு முன்மொழிவை வெளியிட்டது. ஏஐ நிறுவனங்கள் படைப்புகளைப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாம், பதிலுக்குக் கட்டாயமாக ராயல்டி தர வேண்டும், அதை ஒரு பொது அமைப்பு வசூலித்துப் பகிர வேண்டும் என்பது அதன் சாரம். அந்தப் பங்கு ஒரு தமிழ் வலைப்பதிவர் வரை வந்து சேருமா, பெரிய பதிப்பகங்களோடு நின்றுவிடுமா என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

இதைச் சொல்லும்போது சிலர், "அவங்களே திருடினாங்க, நான் ஏன் நேர்மையா இருக்கணும்?" என்பார்கள். அந்த வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஏஐ வைத்து மறைத்து எழுதும்போது நஷ்டம் அந்தப் பெரிய நிறுவனங்களுக்கு இல்லை. அவர்களுக்குச் சந்தா வருகிறது. நஷ்டம், அதே பானையில் இருந்து 1,000 ரூபாய் எதிர்பார்த்து 870 ரூபாய் வாங்கிக்கொண்டு போகும், நம்மைப் போன்ற இன்னொருவருக்கு.

அதனால், ஏஐ-யைப் பயன்படுத்தலாமா என்பதில் பெரிய விவாதம் தேவையில்லை, பயன்படுத்தத்தான் போகிறோம். எதற்காக நமக்குக் கூலி கிடைக்கிறதோ, அதை நாமே செய்தோமா? அடுத்த பதிவைப் போடும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான்.